மாஸ்டர் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்பவன், ஸ்டீரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்துகொண்டு தினமும் உயிர் பயத்தைச் சம்பளத்துக்கு அனுபவிக்கிறவன். எங்கள் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் ஒரு பிரேக். ஸ்டீரிங் மட்டும் ஒன்றுதான். மரக்காணத்தில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் தப்பாகத் திருப்பினாலும் உப்புத் தண்ணீர்தான்.

இந்த வேலையில் நான் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. காரில் ஏறுகிற யாரும் தனியாக ஏறுவதில்லை. சின்ன வயதில் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு வார்த்தையும் கூடவே ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. சீட் பெல்ட்கூடப் போடாது. எதிரில் லாரி வரும்போது பார்த்து வாயைத் திறக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். அவசரப்பட்டு இல்லை என்று சொல்லாதீர்கள். ‘இவனுக்குக் கணக்கு ஏறாது’, ‘இவ வாயத் தொறந்தா வம்புதான்’, ‘பெரியவன மாதிரி இல்ல இவன்’. இதில் ஏதாவது ஒன்று சுருக்கென்று குத்தினால் நீங்களும் நம்ம கட்சி. உள்ளே வாருங்கள், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

கரைந்துபோன மூட்டை

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அளத்திலிருந்து உப்பு மூட்டை எடுத்து, மொபெட்டில் வைத்துக் கடை கடையாகப் போட்டவர். ஒரு மழை நாளில் என்னையும் கூட்டிப் போனார். ஸ்டாண்ட் உடைந்த வண்டி. ‘புடிச்சிக்கோ, இதோ வந்துடறேன்’ என்று என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போனார். வண்டி என்னைவிட உயரம், மூட்டை என்னைவிட குண்டு. வண்டி சாய்ந்தது, கூடவே நானும் சாய்ந்தேன், மூட்டை மழைத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் விழுந்தது. உப்பு தண்ணீரில் கரையும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது உண்மைதான். அப்பா வெளியே வந்தபோது சாக்கு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அப்பா அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், ‘இவங்கிட்ட எதையும் குடுக்காத, கவுத்துடுவான்’ என்றார். அவ்வளவுதான். அது குடும்பச் சொத்தாகிவிட்டது. சாம்பார் வாளியைத் தொட்டாலும் சரி, அக்கா குழந்தையைத் தூக்கினாலும் சரி, யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். என் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுக்கும் நேரம், டம்ளர் என் விரலைத் தொடுவதற்குள் அத்தை மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, ‘பாத்துக் குடுங்க, கவுத்துடுவான்’ என்றாள். என் கை ஆடியது. உமாவின் புதுப் பட்டுப் புடவையில் பால். என் மனைவியானவள் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்த பார்வை அதுதான். அத்தை தீர்ப்பு சொல்லும் தோரணையில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நான் சொல்லல?”

ஆட்டுக்கு மரியாதை

இப்படிப்பட்டவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலைக்கு ஏன் வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். வேறு எந்த வண்டியிலும் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் கிடையாது. அதனால்தான் வந்தேன். ஆனால் வந்த பிறகுதான், என்னைவிட விசேஷமான வார்த்தைகளைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பிரம்மதேசத்திலிருந்து வரும் ஹேமா டீச்சர் எல்லாவற்றையும் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஹாரன் மட்டும் அடிக்க மாட்டார். ஒரு நாள் ரோட்டில் ஆடுகள் படுத்திருந்தன. டீச்சர் வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஹாரன் அடிங்க என்றேன். ‘தூங்குது சார்’ என்றார். விசாரித்தால், அவர் அப்பா உப்புக் கம்பெனியில் நைட் வாட்ச்மேனாக இருந்தவர், பகலெல்லாம் தூங்குவாராம். ‘அப்பா தூங்கறாரு, சத்தம் போடாதே’ என்பதைத் தவிர அம்மா வேறு எதுவும் சொன்ன மாதிரியே ஞாபகம் இல்லையாம். வீட்டில் சிரிப்பதென்றால்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான். அந்த அப்பா இப்போது ரிடையராகி, பக்கத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி டிவி வைத்துப் பார்க்கிறார். டீச்சர் மட்டும் இன்னும் அவரை எழுப்பாமல் நடக்கிறார்.

அன்றைக்கு நான் இறங்கி ஆட்டை ஓட்டியிருக்கலாம். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. அடித்தால்தான் வண்டி நகரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் ஹாரனைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடியும் தொட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்கள், ஆடுகளோடு டீக்கடையில் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். ரோடு காலியாகிவிட்டது. டீச்சர் முகம் சிவந்து, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துக் கேட்டார்: “சார், இன்னொரு வாட்டி அடிச்சிக்கட்டுமா? ஆடு இல்லன்னாலும் பரவால்ல.”

திரும்பாத பாய்

ரபீக் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். மாமனார் வீடு மரக்காணத்தில் இருப்பதால் எங்களிடம் சேர்ந்தார். சவுதியில் டிரெய்லர் ஓட்டியவர், இங்கே எடுத்த லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அவருக்கு நான் மாஸ்டர் என்பதே அநியாயம். அங்கே டிரைவர் சீட் இடப்பக்கம் என்பதால் முதல் நாள் பழக்க தோஷத்தில் என் பக்கத்துக் கதவைத் திறந்து என் மடியில் உட்காரப் பார்த்தார். அதை விட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது, ரிவர்ஸ் எடுக்கிற வரைக்கும்.

ரிவர்ஸில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கச் சொல்வோம். பாய் திரும்பவே மாட்டார். கண்ணாடியை மட்டும் பார்ப்பார். கழுத்தில் சுளுக்கா என்று கேட்டேன். பெரிய அக்கறையோடு தைலம்கூட வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், திரும்பவில்லை. கடைசியில் ஒரு நாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார். சின்ன வயதில் வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பினதிலிருந்து, பெரியவனாகி ஒவ்வொரு தடவை சவுதிக்குக் கிளம்பும்போதும், அம்மா வாசலில் நின்றுகொண்டு ‘திரும்பிப் பாக்காம போ’ என்பாராம்.

சகுனம் பார்க்கிற குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்து, அதெல்லாம் கார் ஓட்டும்போது பார்க்கக் கூடாது பாய் என்று நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சகுனமில்ல மாஸ்டர், நான் திரும்பினா அம்மா அழுவறது தெரிஞ்சிடும். அம்மா மவுத்தாயிட்டாங்க, என் கழுத்துக்குத்தான் இன்னும் சேதி போவல.”

சிரித்தால் ஆபத்து

அனுமந்தை மீனவர் ஒருவர் வந்தார். பெயர் அஞ்சாப்புலி. அவர் அப்பா ஆசையாக வைத்த பெயர். முதல் தடவை கடலுக்குக் கூட்டிப்போன அன்று பையன் அலையைப் பார்த்து அழ, அந்த அப்பா, ‘அழுவறவன் போட்டுல ஏறாத. ஏறினா சிரிச்சிக்கினு வா’ என்றிருக்கிறார். அன்று முதல் கடலுக்குப் போகும்போதெல்லாம் அதையே சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியாது. ஈ.சி.ஆர். கடற்கரை ரோட்டில் எதிரே ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு எங்கள் மேலேயே வந்தது. அஞ்சாப்புலி சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு, தொற்றிக்கொள்கிற சிரிப்பு. ஏதோ ஜோக் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நானும் மரியாதைக்குச் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நேராகப் போனோம். என் கால் தானாகவே பிரேக்கை மிதித்ததால் இதை நீங்கள் படிக்கிறீர்கள்.

வண்டி நின்ற பிறகுதான் பார்த்தேன், அவர் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார், கண்ணில் தண்ணீர். பயந்தால் சிரிப்பு வந்துவிடுமாம். அப்பா செத்த அன்றைக்கும் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறார், சித்தப்பா வீட்டில் இன்றைக்கும் பேசுவதில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வெகு சீரியசாக எனக்கு ஒரு டிரெயினிங் கொடுத்தார்: “மாஸ்டர், நான் கத்தினா பயப்படாதீங்க. சிரிக்க ஆரம்பிச்சா மட்டும் பிரேக்க மிதிச்சிடுங்க.”

தேய்ந்த ரப்பர்

இப்படி ஊரார் தலைக்குள் இருப்பதையெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டு ஒரு டாக்டர் மாதிரி திரிந்துகொண்டிருந்தேன். எனக்கு வைத்தியம் பார்த்தவர் மெக்கானிக் தாமஸ். எங்கள் கார் மாதா மாதம் பிரேக் வேலைக்கு அவரிடம் போகும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னார். டிரைவர் பக்கத்துப் பிரேக் பெடலில் ரப்பர் புத்தம் புதுசாக, கோடு கோடாக இருந்தது. என் பக்கத்துப் பெடலில் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்து, இரும்பு பளபளத்தது.

கற்றுக்கொள்கிறவர்கள் பிரேக் போட யோசிப்பதற்குள் நான் போட்டுவிடுகிறேன். அவர்களுக்குத் தேவையே இல்லாதபோதும் போட்டுவிடுகிறேன். கவிழ்ந்துவிடும் என்று யாரும் சொல்லாமலே என் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. இது பாதுகாப்பு, அனுபவம், முன்யோசனை என்று தாமஸிடம் விளக்கினேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அது சரிண்ணே, அப்ப வண்டி ஓட்டக் கத்துக்கறது யாரு?”

டீ தட்டு

அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனால் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். என் மகள் யாழினி காலேஜ் போகிற பெண். உள்ளிருந்து டீ தட்டோடு வந்தாள். என் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. ‘தரையில ஏதுங்க பிரேக்கு?’ என்று உமா காதோடு கிண்டல் செய்தாள். அவளுக்கு இது பழகிப்போன காட்சி. யாழினி ஸ்கூட்டியில் தெரு முனை திரும்பினாலே நான் வாசலில் நின்று தரையை மிதிப்பேன்.

கால் அழுத்தியதோடு விட்டிருக்கலாம். வாயும் திறந்தது. ‘பாத்து, கவுத்துடாதே’ என்றேன். அதுவரை நேராக வந்துகொண்டிருந்த தட்டு ஆடியது. டீ தட்டெல்லாம் கொட்டியது. விருந்தாளி, ‘பரவாயில்லம்மா, பரவாயில்ல’ என்றார். ‘நான் சொல்லல?’ என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தையின் அதே வார்த்தை. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

விருந்தாளிகள் போன பிறகு யாழினி துணியால் தரையைத் துடைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வேதனையை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அப்பாவிடமிருந்து வாங்கியதைச் சிந்தாமல் சிதறாமல் மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். வாழ்க்கையில் நான் கவிழ்க்காமல் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான். துடைத்து முடித்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: “எனக்குக் கை ஆடல அப்பா. நீ சொன்னப்புறந்தான் ஆடுது.”

பாராட்டு வாரம்

திருந்திவிடுவது என்று முடிவு செய்தேன். இனி வண்டியில் ‘பாத்து’, ‘அய்யோ’, ‘போச்சு’ ஆகிய மூன்றும் கிடையாது. நல்ல வார்த்தை மட்டும்தான். அப்போது ரைஸ் மில் கணேசன் என்றொருவர் கற்றுக்கொண்டிருந்தார். கியர் போட்டார், அருமை என்றேன். திருப்பினார், பிரமாதம் என்றேன். ஒரு தென்னை மரத்தை உரசிக்கொண்டு போனார், நல்ல முயற்சி என்றேன். சொல்லச் சொல்ல அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஏசியை அதிகமாக்கினேன்.

கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்: “மாஸ்டர், எங்க வீட்ல நல்ல விதமா பேசினாங்கன்னா அடுத்து மாட்டுத் தொழுவம் கழுவச் சொல்லப் போறாங்கன்னு அர்த்தம். ஒங்களுக்கு இன்னா வேணும், நேரா சொல்லிடுங்க.”

ஓரமா நில்லு

ராஜேஸ்வரி வந்தது இந்தச் சமயத்தில்தான். உப்பளத்தில் வேலை செய்கிற பெண். மழை ஆரம்பித்தால் அளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். அவர்களுடைய மகளிர் குழு, உப்பைப் பாக்கெட் போட்டு ஊர் ஊராக விற்கலாம் என்று குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று எடுத்திருந்தது. யார் ஓட்டுவது என்று கேட்டபோது ராஜேஸ்வரி கை தூக்கியிருக்கிறாள். மழைக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்துவிட்டால் அவள்தான் டிரைவர். எடுக்காவிட்டால் குழுத் தலைவியின் தம்பி ஓட்டுவான், இவள் மழை முடிகிற வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான். ‘நான் எப்பிடிக் கை தூக்கினேன்னு எனக்கே தெரியல மாஸ்டர்’ என்று முதல் நாளே சொன்னாள்.

கையும் காலும் கச்சிதம். ஒரே கோளாறு, எதிரில் எது வந்தாலும் ரோட்டை விட்டு இறங்கிவிடுவாள். லாரிக்கு இறங்கினால் சரி, சைக்கிளுக்கு இறங்குவாள். ஒரு நாய்க்கு இறங்கினாள். எங்கள் ஊர் ரோட்டில் இறங்கினால் மண், அதைத் தாண்டினால் உப்புப் பாத்தி. அவள் இறங்கப் போகிறாள் என்றதும் என் கால் பிரேக்கை மிதிக்கும், வண்டி அணைந்துவிடும். அவள் மன்னிப்புக் கேட்பாள். தினமும் இதுதான் நடந்தது.

அவள் மூன்றாவது பெண், அதற்கப்புறம் தம்பி. யாராவது வந்தால், போட்டோ எடுத்தால், சாமி ஊர்வலம் வந்தால், வீட்டில் அவளிடம் சொல்வது ஒன்றுதான்: ‘நீ கொஞ்சம் ஓரமா நில்லு.’ தம்பியின் காதுகுத்து போட்டோவில் இவளுடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறதாம். அளத்திலும் அப்படித்தான். பாத்தி வரப்பு குறுகல். தலையில் சுமையோடு வருகிறவர்களுக்கு, வெறுங்கையோடு வருகிறவர்கள் இறங்கி வழி விட வேண்டும் என்பது அங்கே பழக்கம். இவளோ தலையில் உப்புக் கூடையோடேயே பாத்தியில் இறங்கிவிடுவாள், எதிரே வருகிறவன் கையை வீசிக்கொண்டு வரப்பில் போவான். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களாம்.

முதல் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனேன். டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு இளவயது மேடம், பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ராஜேஸ்வரி ஓரத்துக்குச் சாய்ந்தாள், ஆனால் அன்றைக்கு அவளாகவே ரோட்டுக்குத் திரும்பவும் ஆரம்பித்தாள். அதற்குள் என் கால் தன் கடமையைச் செய்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. அவள் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டாள். மேடம் முன்னால் எட்டி என் காலைப் பார்த்தார், பேப்பரில் எழுதினார், எழுதிக்கொண்டே சொன்னார்: “ஃபெயில். அந்தம்மா இல்ல மாஸ்டர், நீங்க.”

சம்மணம்

நான் ஃபெயிலானதற்கு மழைக்காலம் முழுவதும் வீட்டில் உட்காரப் போவது அவள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி டெஸ்ட் போன அன்று வானம் இருட்டிக்கொண்டிருந்தது. இதை விட்டால் மழைக்கு முன்னால் வேறு டெஸ்ட் இல்லை. அதே மேடம். வண்டியில் ஏறியதும் முதல் காரியமாக, ‘மாஸ்டர், காலை ரெண்டையும் தூக்கி சீட்டு மேல வைங்க’ என்றார். ‘மேடம், சேஃப்டி...’ என்று ஆரம்பித்தேன். ‘எனக்கும் உயிர் மேல ஆசை இருக்குது. வைங்க’ என்றார். ஆகவே, ஊரே பார்க்க, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராகிய நான், பந்தியில் உட்கார்ந்த மாதிரி முன்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு போனேன். இலை ஒன்றுதான் குறை.

மெயின் ரோட்டில் நன்றாகத்தான் போனாள். மேடம் ஒரு கிளை ரோட்டைக் காட்டி, அதில் திருப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, நடுவில் குறுகலான தார் ரோடு. எதிரே லாரி. உப்பு ஏற்றப் போகிற காலி லாரி, கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ரோட்டை அடைத்து வந்தது. ராஜேஸ்வரியின் கை இடது பக்கம் சாய ஆரம்பித்தது. என் வலது கால் பிரேக்கைத் தேடியது. கால் என் இடது தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்ததால் அந்தத் தொடையையே மிதித்தது. வாய் திறந்தது. ‘பாத்து’ என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யாழினி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது கண்முன்னால் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அது, சத்தியமாகச் சொல்கிறேன்.

வண்டியின் சக்கரம் மண் ஓரத்தைத் தொட்டது. ராஜேஸ்வரி லாரியைப் பார்த்தாள். பிறகு சத்தமாக, யாரிடம் என்று தெரியாமல் பேசினாள். ‘அவன் வெறும் வண்டிதான வர்றான். நம்ம வண்டில மூணு பேரு சுமை இருக்குது. நான் எதுக்கு எறங்கணும்? அவன் எறங்கட்டும்.’ ஸ்டீரிங்கைப் பிடித்து வண்டியை மறுபடி தாருக்கு ஏற்றினாள். வேகத்தைக் குறைத்து, ஹாரன் ஒன்று அடித்து, தன் பாதி ரோட்டில் நேராகப் போனாள். லாரிக்காரன் ஒரு விநாடி யோசித்துவிட்டு, இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி வழி விட்டான். கடந்து போகும்போது கையைக்கூட அசைத்தான்.

மேடம் பேப்பரில் எழுதிக்கொண்டார். திரும்பி வந்து நிறுத்தியதும், ‘பாஸ்’ என்றார். ராஜேஸ்வரி ஸ்டீரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று கதவைத் திறந்து வேகமாக இறங்கினேன். சம்மணத்தில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன என்பது எனக்குத் தெரியாது. தரையில் வைத்த கால் தரையில் இல்லை. வந்திருந்த அத்தனை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களும் பார்க்க, நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து மண்ணில் குப்புறக் கவிழ்ந்தேன். கூட்டம் கூடிவிட்டது. அதை விலக்கிக்கொண்டு ராஜேஸ்வரி வந்தாள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது: “தள்ளுங்க, எல்லாரும் ஓரமா நில்லுங்க, மாஸ்டருக்குக் காத்து வரட்டும்!”

அப்பாவின் வெற்றி

முழங்கையில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா எங்களோடுதான் இருக்கிறார், வயதாகிவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘கவுந்துட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல!’ என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆச்சரியம், வலிக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது நடந்தே விட்டது, நடந்ததற்கு அப்புறம் ஒரு பிளாஸ்திரியோடு முடிந்துவிட்டது. அந்த மழை நாளைப் பற்றி அப்பாவிடம் ஏதாவது கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

யாழினி டீ தட்டோடு வந்தாள். நான் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டேன், வாயையும் மூடிக்கொண்டேன். அப்பா விடவில்லை. ‘பாத்து, கவு...’ என்று ஆரம்பித்தார். யாழினி நடந்தபடியே வந்தாள். தட்டில் ஒரு சொட்டு சிந்தியது, யாரும் செத்துப்போகவில்லை. டம்ளரை அவருக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “தாத்தா, நீயும் மொதல்ல கால மேல தூக்கி வச்சிக்கோ. அப்பறந்தான் டீ.”

ஆக, நான் இதுவரை கவிழ்த்தவை நின்றுகொண்டிருந்த மொபெட்டோடு ஒரு மூட்டை உப்பு, ஒரு டம்ளர் பால், கடைசியாக நானே. ஓடுகிற வண்டி எதுவும் அதில் இல்லை என்பதை யாராவது என் அப்பாவிடம் எடுத்துச் சொன்னால் தேவலை.